பார்க்கின்சன் மூளை ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியும் நேரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் மூளை ஆபரேஷன் நோயாளிகளுக்கு மயக்கம் தெளியும் அறையில் வேலை செய்யும் நர்ஸ் நான். கதவுக்கு வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் குடியாத்தம், ஆம்பூர், ஆரணிப் பக்கத்து ஆட்களாக இருந்தாலும், காட்பாடியில் ரயில் இறங்கி வந்த வங்காளத்துக்காரர்களாக இருந்தாலும், கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகள்தான். புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ்கள் கேட்பதையும் நடுவில் சேர்த்திருக்கிறேன்.

விழிப்பாக வைத்தே ஆபரேஷன் செய்வார்கள் என்றார்களே, அப்புறம் மயக்க மருந்து எதற்கு?

பார்க்கின்சன் நோயில் நடுமூளையில் டோபமின் தரும் செல்கள் வருஷக்கணக்காகக் குறைந்துகொண்டே வரும். மாத்திரை பல வருஷம் கைகொடுக்கும். பிறகு அதன் பலன் சீக்கிரமே தீர்ந்துபோவதும், உடம்பு தானாக நெளிவதும் ஆரம்பிக்கும். அந்தக் கட்டத்தில் சிலருக்கு டி.பி.எஸ். என்கிற ஆழ்மூளைத் தூண்டல் ஆபரேஷன் பொருந்தும். மண்டையோட்டில் சிறிய துளை போட்டு, மெல்லிய கம்பியை மூளையின் ஆழத்தில் குறித்த இடத்தில் நிறுத்துவார்கள். அதற்கு மின்சாரம் தரும் பேட்டரி, காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் உட்காரும். பிரான்சின் கிரெனோபிள் நகரத்தில் பெனபிட் என்ற டாக்டரின் குழு 1987-இல் இந்த முறையை நடுக்கத்துக்குக் கொண்டுவந்தது. வேலூருக்கு மூளை ஆபரேஷன் அதைவிடப் பழைய சங்கதி. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை ஜேக்கப் சாண்டி என்ற டாக்டர் 1949-இல் இங்கே சி.எம்.சி. என்கிற கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில்தான் தொடங்கினார்.

கம்பி வைக்கும்போது பல இடங்களில் தலைத்தோலை மட்டும் மரக்க வைத்து, ஆளை விழிப்பாகவே வைத்திருப்பார்கள். "கையை மூடித் திறங்க, ஒண்ணு ரெண்டு எண்ணுங்க" என்று பேசிப் பேசியே நடுக்கம் அடங்குகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் கழுத்தின் தோலுக்கடியில் ஒயரை இழுத்து நெஞ்சில் பேட்டரி வைப்பதற்கு முழு மயக்கம் வேண்டும். முழு ஆபரேஷனையும் மயக்கத்திலேயே செய்யும் இடங்களும் உண்டு. எப்படிச் செய்தாலும் மயக்கம் தெளிகிற நேரம் என்று ஒன்று வரத்தான் செய்யும்.

மற்ற ஆபரேஷன் நோயாளிகளைவிட இவர்களைக் கவனிப்பதில் என்ன வித்தியாசம்?

குடலிறக்கமோ பித்தப்பையோ ஆபரேஷன் ஆனவர் முகத்தைச் சுளித்தால் வலி என்று தெரிந்துவிடும். கண்ணைத் திறந்தால் மயக்கம் தெளிந்துவிட்டது. மானிட்டர் கத்தினால் ஏதோ ஆபத்து. பார்க்கின்சன் நோயாளியிடம் இந்த அடையாளங்கள் எதையும் அப்படியே நம்ப முடியாது. வலித்தாலும் முகம் அசையாது. முழு நினைவோடு இருந்தும் கண் திறக்காது. இதயம் நன்றாக இருக்கும்போதே மானிட்டர் அலறும். அதனால் எங்கள் வேலையில் பாதி, தொட்டுப் பார்ப்பதும் வாய்விட்டுக் கேட்பதும்தான்.

கால் மணிக்கு ஒரு தடவை எழுப்பி எழுப்பிப் பேர் கேட்கிறீர்களே, கொஞ்சம் தூங்க விடக் கூடாதா சிஸ்டர்?

முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை பார்ப்பது பொதுவான வழக்கம். பிறகு அரை மணி, அப்புறம் ஒரு மணி என்று இடைவெளியைக் கூட்டுவோம். பேர், ஊர், இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்போம். இரண்டு கண்பாவையும் ஒரே அளவில் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்போம். இரண்டு கையாலும் என் விரலைப் பிடித்து அழுத்தச் சொல்வேன்.

கம்பி போன வழியில் மூளைக்குள் ரத்தக் கசிவு ஏற்படுவது அபூர்வம். ஏற்பட்டால் அதன் முதல் அறிகுறி பெரும்பாலும் இந்தச் சின்னச் சின்ன விஷயங்களில்தான் தெரியும்: போன தடவை ஊர் பேரைச் சொன்னவர் இந்தத் தடவை சொல்லவில்லை, வலது பிடி இறுகுகிறது, இடது பிடி தளர்கிறது. அப்படி ஒரு மாற்றம் தெரிந்தால் உடனே டாக்டருக்குச் சொல்லி சி.டி. ஸ்கேனுக்கு அனுப்புவோம். தூங்க விட்டால் இந்த மாற்றம் எங்கள் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

வெளிமாநிலத்தவர் என்றால் "ஆப்னார் நாம் கீ" என்று கேட்கும் அளவுக்கு இங்கே எங்களில் பலருக்கும் வங்காளி வரும். அதற்கு மேல் சந்தேகம் வந்தால் வீட்டு ஆள் ஒருவரை உள்ளே கூப்பிட்டுப் பேசச் சொல்வோம். சொல் குழறுகிறதா என்பது அந்த மொழி பேசுகிறவருக்குத்தான் சட்டென்று பிடிபடும்.

ரொம்ப நேரமாகிவிட்டது, இன்னும் கண்ணே திறக்கவில்லை. பயப்பட வேண்டுமா?

கண் திறக்காததெல்லாம் மயக்கம் ஆகிவிடாது. பார்க்கின்சன் உள்ள சிலருக்கு முழு விழிப்பு இருந்தும் இமையைத் தூக்க வராது. அதனால் "ரெண்டு விரலைக் காட்டுங்க ஐயா" என்போம். மூடிய கண்ணோடு இரண்டு விரல் மெதுவாக மேலே வந்தால் எங்களுக்குப் பாதி நிம்மதி. இவர்களுக்கு எந்த அசைவும் நிதானமாகத்தான் வரும். சொல்லிவிட்டு உடனே அடுத்த கட்டிலுக்கு நகராமல் நின்று பார்க்க வேண்டும்.

விரலும் வரவில்லை என்றால் காரணத்தைத் தேடியாக வேண்டும். மயக்க மருந்தின் மிச்சமா, சர்க்கரை இறங்கிவிட்டதா, மூச்சு போதாமல் ரத்தத்தில் கரியமில வாயு ஏறிவிட்டதா, மண்டைக்குள் காற்று தங்கிவிட்டதா, ரத்தக் கசிவா? மயக்க மருந்து டாக்டரும் ஆபரேஷன் டாக்டரும் சேர்ந்து பார்க்கிற கட்டம் இது.

மானிட்டர் கீ கீ என்று கத்துகிறது, சிஸ்டர் நிதானமாக நிற்கிறாரே?

பார்க்கின்சன் நடுக்கம் நொடிக்கு 4 முதல் 6 தடவை வரும். அதாவது நிமிடத்துக்கு 240 முதல் 360. நெஞ்சில் ஒட்டிய இ.சி.ஜி. பட்டையில் அந்த ஆட்டமும் சேர்ந்து ஏறினால், திரையில் இதயம் தாறுமாறாக ஓடுவது போலவே கோடு வரும். மெஷினுக்கு அது கை ஆடுவது என்று தெரியாது. புதிதாக வந்த நர்ஸ் இதைப் பார்த்து ஓடிப்போய் எமர்ஜென்சி வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவது சகஜம். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் மணிக்கட்டில் விரலை வை. நாடி நிமிடத்துக்கு 80 என்று சீராக அடித்து, ஆளும் பேசிக்கொண்டிருந்தால், ஆடுகிற கையை ஒரு நிமிடம் பிடித்து நிறுத்திவிட்டுத் திரையைப் பார். கோடு சீராகிவிடும். நாடியும் கோளாறாக இருந்தால் வண்டி வர வேண்டியதுதான்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப்புக்கும் இதே கதை. ஆடும் விரலில் 82 காட்டும், காது மடலில் மாட்டினால் 97 காட்டும். பி.பி. பட்டையை நடுக்கம் குறைவாக உள்ள கையில் கட்ட வேண்டும். அதற்காக எல்லா அலாரத்தையும் "நடுக்கம்தான்" என்று விட்டுவிடவும் கூடாது. இவர்களுக்கு நெஞ்சுத் தசை இறுகியிருக்கும், இருமல் வலுவில்லாமல் வரும். மூச்சு நிஜமாகவே குறைய இடமுண்டு.

பி.பி.யை ஏன் இவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கிறார்கள்?

ஏறினால் ரத்தக் கசிவுக்கு வழி. மேல் அளவு 140-ஐத் தாண்டாமல் வைத்திருக்கச் சொல்வது பெரும்பாலான இடங்களில் வழக்கம். இறங்கினாலும் ஆபத்து, ஏனென்றால் பார்க்கின்சன் நோயே பி.பி.யை நிலையாக வைத்திருக்கும் நரம்புகளைக் கெடுத்திருக்கும். ஏறியது என்று மருந்து கொடுத்தால் சரேலென்று கீழே போய்விடுவதும் உண்டு. அதனால் மருந்து ஏற்றுவதற்கு முன் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்ப்போம். சிறுநீர்ப்பை நிரம்பி முட்டிக்கொண்டிருந்தாலே பி.பி. ஏறும். வயதான ஆண்களிடம் இது அடிக்கடி நடக்கிறது, கூச்சத்தில் சொல்லவும் மாட்டார்கள். அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வழக்கமான மாத்திரையை எப்போது கொடுப்பார்கள்?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம், ஆனால் வீட்டார் இதைக் கடைசியாகத்தான் கேட்கிறார்கள்.

ஆபரேஷனில் நடுக்கத்தைப் பார்த்துக் கம்பியின் இடத்தைச் சரிபார்க்க வேண்டியிருந்தால், முந்தின ராத்திரியிலிருந்தே லெவோடோபா என்கிற வழக்கமான பார்க்கின்சன் மாத்திரையை நிறுத்தியிருப்பார்கள். அந்த மருந்து ரத்தத்தில் ஒன்று, ஒன்றரை மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். ஆக, ரெக்கவரிக்கு வரும்போது ஆள் கட்டை போல் விறைத்திருப்பார். கழுத்து திரும்பாது, எச்சில் விழுங்க வராது, குரல் காற்றாகத்தான் வரும். மயக்கம் தெளியவில்லை என்று வீட்டார் நினைப்பதில் பாதி, மாத்திரை இல்லாத விறைப்புதான்.

எனவே, நினைவு வந்து விழுங்க முடிகிறது என்று உறுதியானதும், டாக்டர் சொன்ன அளவில் மாத்திரையை ஆரம்பித்துவிட வேண்டும். "ராத்திரி ரவுண்ட்ஸில் கொடுத்துக்கலாம்" என்பது இந்த நோய்க்குச் செல்லாது. விழுங்க முடியாவிட்டால் மூக்குக் குழாய் வழியாகக் கொடுப்பார்கள். லெவோடோபா உள்ள சாதாரண சிண்டோபா மாத்திரையைப் பொடித்துக் கரைக்கலாம். மெதுவாகக் கரையும் வகையைப் பொடிக்கவே கூடாது, மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். குழாயில் பால், புரதப் பவுடர் போகும் நேரத்தைத் தள்ளி வைக்க வேண்டும். புரதம் லெவோடோபாவோடு போட்டி போட்டு அது உடம்பில் சேருவதைக் குறைத்துவிடும்.

மாத்திரை பல வேளை தவறினால் கடும் காய்ச்சல், மிக மோசமான விறைப்பு, புத்தித் தடுமாற்றம் என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். அதை ஏதோ கிருமிக் காய்ச்சல் என்று நினைத்து ஆன்டிபயாட்டிக்கை மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும்.

மறுபக்கமும் உண்டு. கம்பி வைத்ததாலேயே கொஞ்ச நாளைக்கு நோய் குறைந்தது போல் இருக்கும். அப்போது பழைய அளவை அப்படியே கொடுத்தால் கை கால் நெளிய ஆரம்பிக்கலாம். அளவை டாக்டர்தான் முடிவு செய்வார். நாங்கள் நெளிவைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வீட்டார் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. "காலையில ஒண்ணு, மதியம் ஒண்ணு" என்று சொல்லாமல், மாத்திரைப் பேர், அளவு, மணி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். 6 மணி, 10 மணி, 2 மணி என்று இருக்க வேண்டும். அட்டைகளையும் கையோடு எடுத்து வாருங்கள்.

நாக்கு வறண்டு கிடக்கிறது, ஒரு வாய் காபி கொடுக்கக் கூடாதா?

வேண்டாம். எங்களுக்குத் தெரியாமல் பஞ்சில் நனைத்துக்கூடக் கொடுக்க வேண்டாம். பார்க்கின்சனில் தொண்டைத் தசையும் மந்தமாகியிருக்கும், மயக்க மருந்து அதை இன்னும் மந்தமாக்கும். காபி நுரையீரலுக்குள் போனால் இருமல்கூட வராமல் போகலாம், மறுநாள் நிமோனியாவாக வந்து நிற்கும். நாங்கள் தலைமாட்டை உயர்த்தி நிமிர்த்தி உட்கார வைத்து, முதலில் ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, தொண்டை மேலும் கீழும் போகிறதா, குரல் கரகரவென்று ஈரமாகிறதா என்று பார்ப்போம். அது சரியாக இருந்தால்தான் அடுத்த ஸ்பூன். நாக்கு வறட்சிக்கு ஈரத்துணியால் நாங்களே துடைத்து விடுவோம்.

தர்காவில் ஓதிக் கொடுத்த தண்ணீருக்கும் இதேதான்.

"நைனா என்னைப் பார்த்து யாருன்னு கேக்குறாரு. மூளையில ஏதாச்சும் ஆயிடுச்சா?"

ஆபரேஷன் முடிந்த வயதானவர்களுக்கு, அதிலும் பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு, தற்காலிகப் புத்தித் தடுமாற்றம் வருவது உண்டு. சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள். கட்டிலைவிட்டு இறங்கி வயலுக்குப் போகப் பார்ப்பார்கள். ஒருவர் எங்களைப் பார்த்து, பஸ் ஆற்காடு தாண்டிவிட்டதா என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும்.

ஆனால் "வயசானவர், அப்படித்தான்" என்று விட்டுவிடுவது எனக்குப் பிடிக்காது. ஆக்சிஜன், சர்க்கரை, சோடியம், சிறுநீர் அடைப்பு, வலி, தவறிய மாத்திரை, புதிய ரத்தக் கசிவு என ஒவ்வொன்றாகப் பார்த்து இல்லை என்று ஆக வேண்டும். அதோடு கண்ணாடியையும் காது மெஷினையும் சீக்கிரம் திருப்பி மாட்ட வேண்டும். ஆபரேஷனுக்கு முன் கழற்றி வீட்டாரிடம் கொடுத்தது அவர்கள் பையிலேயே தூங்கும். கண்ணும் தெரியாமல் காதும் கேட்காமல் முழித்தால் யாருக்குத்தான் குழப்பம் வராது? உங்களை உள்ளே கூப்பிட்டால் அழ வேண்டாம், அவரோடு வாதாடவும் வேண்டாம். "நைனா, நான்தான், ஆபரேஷன் முடிஞ்சிருச்சு, வேலூர் ஆஸ்பத்திரியில இருக்கோம்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். கையைக் கட்டிப் போடுவதைவிட அந்தக் குரல் அதிகம் வேலை செய்யும்.

(புதிய நர்ஸ் கேட்டது) வாந்திக்கும் பதற்றத்துக்கும் வார்டில் வழக்கமாகப் போடும் ஊசியைப் போடலாமா?

போடும் முன் நின்று யோசிக்க வேண்டும். மெட்டோகுளோப்ரமைட், புரோகுளோர்பெரசின், புரோமெத்தசின் மூன்றும் டோபமினைத் தடுப்பவை. மூளையில் ஏற்கெனவே டோபமின் பற்றாக்குறை, அதில் இதையும் போட்டால் விறைப்பு கூடிவிடும். வாந்திக்குப் பொதுவாக ஆன்டன்செட்ரான் பொருந்தும். ஆனால் நோயாளி பார்க்கின்சனுக்கான அப்போமார்ஃபின் ஊசியில் இருந்தால் அதைச் சேர்க்கக் கூடாது, பி.பி. படுபாதாளத்துக்குப் போகும். பதற்றத்துக்கு ஹாலோபெரிடால் கூடவே கூடாது. மருந்து தேவை என்றால் குறைந்த அளவில் குவெட்டியபின் போன்றதை டாக்டர் எழுதுவார். செலிஜிலின், ரசாஜிலின் என்ற பார்க்கின்சன் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவருக்கு வலிக்கு பெதிடின் ஆபத்து, டிரமடாலும் ஆபத்து. கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் இவற்றை எழுதி ஒட்டிவிடு. ராத்திரி இரண்டு மணிக்கு ஞாபகத்தை நம்பி வேலை செய்யாதே.

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, வலி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. 0 முதல் 10 வரை எண் கேளுங்கள், குரல் வராவிட்டால் விரலால் காட்டச் சொல்லுங்கள், பதிலுக்குப் பொறுங்கள். தலைக் காயத்தைவிட நெஞ்சில் பேட்டரி வைத்த இடமும் கழுத்தும் அதிகம் வலிப்பதாகச் சொல்கிறவர்கள் உண்டு. இன்னொன்று, இவர்கள் இமைப்பது குறைவு. கண் காய்ந்து சிவந்துவிடும், சொட்டு மருந்து போடுவோம்.

நடுக்கம் சுத்தமாக நின்றுவிட்டது! இனி பிரச்சினை இல்லையே?

சந்தோஷப்படுங்கள், ஆனால் கட்டிலின் பக்கத் தடுப்பை இறக்கிவிடாதீர்கள். மூளையில் கம்பி வைத்த இடத்தில் உண்டான சிறு வீக்கமே சில நாள், சில வாரம் நடுக்கத்தை அடக்கும். பேட்டரியை வழக்கமாகச் சில வாரம் கழித்துத்தான் ஆன் செய்து அளவு சரிபார்ப்பார்கள். நடுவில் நடுக்கம் திரும்பி வந்தால் ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை.

எனக்கு நடுக்கம் இருக்கிறவரைவிட இப்படி நின்றுபோனவரைப் பற்றித்தான் கவலை. வருஷக்கணக்காகக் கிடைக்காத சுதந்திரம் கிடைத்துவிட்டது, யாரையும் கூப்பிடாமல் பாத்ரூமுக்குக் கிளம்பிவிடுவார். எழுந்து நின்றதும் பி.பி. இறங்கும், கண் இருட்டும், அடிபடுவது நேற்று ஆபரேஷன் ஆன தலை. முதல் தடவை எழும்போது படுத்த நிலையில் பி.பி., காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிடம் உட்கார வைத்து பி.பி., நின்றதும் பி.பி. பார்ப்போம். மேல் அளவு 20 குறைந்தால் அன்றைக்கு நடை இல்லை.

திடீரென்று உடம்பெல்லாம் ஆடுகிறது. குளிரா, வலிப்பா?

குளிர் நடுக்கம் மயக்கம் தெளியும்போது பலருக்கும் வரும், கம்பளியும் சூடான காற்றும் கொடுத்தால் அடங்கும். பார்க்கின்சன் நடுக்கம் கை சும்மா இருக்கும்போது அதிகம், எதையாவது பிடித்தால் குறையும். வலிப்பு என்றால் கையைப் பிடித்தாலும் நிற்காது, பேச்சு நின்றுபோகும், கண் ஒரு பக்கம் இழுக்கலாம். வெளியே இருந்து பார்க்கும் உங்களுக்குச் சந்தேகமாக இருந்தால் சத்தமாகக் கூப்பிடுங்கள். தப்பாகக் கூப்பிட்டோமோ என்று கூச்சப்பட வேண்டாம்.

ரத்தினகிரி முருகன் கோயில் விபூதி வைத்திருக்கிறேன், நெற்றியில் பூசலாமா?

கட்டுப் போட்ட இடத்திலோ பக்கத்திலோ வேண்டாம். உள்ளே கம்பி இருக்கிறது, கிருமி அதுவரை போய்விட்டால் சில சமயம் வைத்ததையே எடுக்க வேண்டிவரும். பொட்டலத்தைத் தலையணைக்கடியில் வையுங்கள், நான் எடுத்துப் போட மாட்டேன். மொட்டையைப் பார்த்துக் கவலைப்பட்ட ஒரு அம்மாவுக்கு அவர் மருமகளே பதில் சொல்லிவிட்டார்: "திருப்பதிக்கு இருந்த நேர்த்திக்கடன் கழிஞ்சுதுன்னு வச்சுக்கோங்க அத்தை."

ஊருக்குப் போனபின் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

தையல் பிரிக்கும்வரை பக்கத்தில் இருப்பது நல்லது. வெளியூர்க்காரர்கள் பலர் தோட்டப்பாளையம், காந்தி ரோடு பக்கம் லாட்ஜில் தங்கிக்கொள்கிறார்கள். காயத்தில் சிவப்பு, நீர்க்கசிவு, காய்ச்சல், புதிதாகக் கை கால் பலவீனம், ஓயாத தலைவலி, தூங்கிக்கொண்டே இருப்பது என்று எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் கிளம்பி வாருங்கள்.

பேட்டரி அடையாள அட்டையைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். ஸ்ரீபுரம் பொற்கோயிலோ விமான நிலையமோ, மெட்டல் டிடெக்டர் வாசலில் முதலில் அட்டையைக் காட்டுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னாலும், பல் பிடுங்கப் போனாலும், வேறு ஆபரேஷன் என்றாலும் இதைச் சொல்லுங்கள். தோள் வலி, முழங்கால் வலி என்று பிசியோதெரபிக்குப் போனால் டயத்தெர்மி என்ற சூட்டு சிகிச்சை மட்டும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். பேட்டரி அணைந்திருந்தாலும் அந்த அலை கம்பி வழியாக ஏறி மூளைத் திசுவைச் சுட்டுவிடும், உயிரே போயிருக்கிறது. டிஸ்சார்ஜ் தாளில் இது எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.